பூமியின் வயது

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு சின்ன விஷயம் நடந்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளிகளில் எது அறிவியல் என்று புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பூமியின் வயதையும் உயிரினங்கள் மாறி வந்த விதத்தையும் 'சிலருடைய கருத்து' என்றுதான் சொல்ல வேண்டுமாம். சம்மதம் என்று எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டோம். வேதியியல் டீச்சர் மட்டும் போடவில்லை. மறுநாளே அவர் மேசை காலியாகிவிட்டது. தினமும் மதியம் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

போன வாரம் எட்டாம் வகுப்பில் அந்தப் பாடம். கடைசி பெஞ்சில் கல்வித்துறை ஆய்வாளர் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், சட்டம் மாறினா பூமியோட வயசும் மாறிடுமா?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

"இது பரீட்சைக்கு வராதும்மா, உக்காரு" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள். ஆய்வாளர் என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள். ஆனால் நாளுக்குப் பத்து முறை கை தூக்குகிற அந்தப் பெண் அதற்குப் பிறகு வாயே திறப்பதில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் அடங்கிவிட்டார்கள். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

குளிர் அதிகம், யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பழைய ஸ்வெட்டரைக் கொடுத்து அனுப்புங்கள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். ஏதாவது கேளுங்கள் அப்பா, எதுவானாலும் பரவாயில்லை. இங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை.

மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போகிறேன்.

உங்கள் மகள்