மூடிக்குள் போட்ட திகதி

மரியே வாழ்க

பாசையூர்,
12.02.1992

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

நீங்கள் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினோம். என் அப்பு கடற்கரை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். மகள் றோஸை வகுப்பில் 'பிரான்ஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்களாம். நீங்கள் சொன்னபடி இதையும், உங்கள் கடிதத்தை அனுப்பிவைத்த நீர்கொழும்பு பிலிப்பண்ணையின் விலாசத்துக்கே போடுகிறேன். அவர் உங்களுக்கு அனுப்பிவைக்கட்டும்.

ஒன்று சொன்னால் ஏசக்கூடாது. உங்கள் மணிக்கூடு திருத்துகிற சாமான் பெட்டியைத் திறந்துவிட்டேன். அரசாங்கம் பற்றறிக்குத் தடை போட்ட பிறகு ஊரில் ஓடுகிற மணிக்கூடே இல்லை. அலுமாரிக்குள் கிடந்த, சாவி கொடுக்கிற பழைய கைமணிக்கூடுகளை எடுத்துக்கொண்டு எல்லாரும் எங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். "அவர் இல்லை" என்று சொன்னால், "நீ இருக்கிறாய்தானே, வலைக் கிழிசல் பொத்துற கைதானே" என்கிறார்கள். கோயில் மணி அடிக்கிற செபநாயகண்ணையின் மணிக்கூட்டைக் கழற்றினேன். ஒரு ஆணியைத் தளர்த்தியதுதான் தாமதம், சக்கரமெல்லாம் சர்ரென்று சுழன்று ஒரு சின்னத் துண்டு பாய்ந்துவிட்டது. அரை நாள் நிலத்தைத் தடவி எடுத்தேன். இப்போது படுக்கிற நுளம்பு வலையைக் கட்டி, அதற்குள் இருந்துதான் வேலை. பாய்ந்தாலும் வலைக்குள்தான் விழும்.

எங்கே பிழை விட்டேன்? எங்களை எப்போது கூப்பிடுவீர்கள்? இரண்டுக்கும் பதில் வேண்டும்.

உங்கள்
அற்புதராணி

பிரான்ஸ்,
05.04.1992

என் அன்பின் அற்புதம்,

உம்முடைய கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு பயந்தேன். வில்லின் இறுக்கத்தை இறக்காமல் கழற்றினால் அப்படித்தான் பாயும். சாவியை விரலால் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கிற கொளுக்கியை ஊசியால் விலக்கி, மெதுவாகச் சுற்ற விடும். வில் ஓய்ந்த பிறகுதான் ஆணியில் கை வைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் மட்டும் விடாதேயும். தையல் மெசின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

வேலை முடிந்ததும் பின்மூடியின் உட்பக்கத்தில் திகதியையும் உம்முடைய எழுத்தையும் கீறும். மணிக்கூடு திரும்பி வந்தால் யார், எப்போது பார்த்தது என்று தெரியும். நான் 'சி' போட்டு அடியில் இரண்டு கோடு இழுப்பேன். அதைப் போடாமல் மூடினால் எனக்கு வேலை முடிந்த மாதிரியே இராது.

இங்கே குளிர். உங்களைக் கூப்பிடுகிற அலுவல் நடக்கிறது. அவசரப்பட்டு, ஊரை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுத்துக் கொழும்புப் பக்கம் வந்துவிட வேண்டாம். பொறுத்திரும்.

உம்முடைய
சிமியோன்

பாசையூர்,
20.06.1992

அன்பின் இஞ்சாருங்கோவுக்கு,

தேங்காயெண்ணெய் விடாதேயும் என்ற கடிதம் வர முன்னமே விட்டாயிற்று. செபநாயகண்ணையின் மணிக்கூடு ஓடியது. நாளுக்கு நாற்பது நிமிடம் முந்தி ஓடியது! அவர் அதைப் பார்த்து மத்தியான மணியை அடிக்க, பாசையூர் முழுக்கப் பதினொன்றரைக்கே சோறு தின்றது. பிறகு திறந்து பார்த்தால், மயிரளவு சுருள்வில்லில் எண்ணெய் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிறது. பெற்றோலுக்கும் தடைதானே, ஒரு மூடி வாங்கக் கொடிகாமம் வரை சைக்கிள் மிதித்தேன். கழுவிப் போட்டேன். இப்போது சரியான நேரம். மூடிக்குள் 'அ' என்று கீறினேன், கோணலாய்த்தான்.

இங்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஹெலி வந்தால் பங்கருக்குள் ஓடுகிறோம். றோஸ் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், பிரான்சுக்குப் போகிற பையாம். கண்ட கண்டவர்கள் "கூப்பிட்டாச்சோ?" என்று கேட்கிறார்கள். நான் இப்போது கோயிலுக்குப் பின் ஒழுங்கையால்தான் போகிறேன். பொறுத்திரும், பொறுத்திரும் என்று எழுத உங்களுக்குக் கை நோகவில்லையா?

அற்புதராணி

பிரான்ஸ்,
30.08.1992

அன்பின் அற்புதம்,

வேலை கடினம், அதனால் எழுதப் பிந்திவிட்டது. இந்த வருடம் சரிவராது போலிருக்கிறது. சில வேளை கூப்பிட முடியாமலே போகலாம். அப்படி வந்தால் என்னை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நீர் கெட்டிக்காரி, றோஸை வளர்த்துவிடுவீர். ஊரார் கேட்டால் நான் நல்ல சுகமென்று சொல்லும்.

சிமியோன்

பாசையூர்,
18.11.1992

சிமியோனுக்கு,

உங்கள் பெயரைச் சொல்லி எழுதுவது இதுதான் முதல் தரம். கோபத்தில் எழுதுகிறேன், வாசியுங்கள்.

கிளாலிக் கடலால் போய்வருகிற வியாபாரி கனகலிங்கத்தார், வள்ளத்தில் தண்ணீர் பூந்து நின்றுபோன தன் மணிக்கூட்டைக் கொண்டுவந்தார். வலைக்குள் இருந்து மூடியைத் திறந்தேன். உள்ளே 'சி'. அடியில் இரண்டு கோடு. 14.09.92.

எங்கே திருத்தினீர்கள் என்று கேட்டேன். "நீர்கொழும்பிலை, தங்கச்சி. மீன் வாடிக்குப் பின்னாலை ஒரு ஓலைச் சாய்ப்பிலை தனிய இருக்கிற மனுசன். வெளிநாடு போக வந்து ஏஜென்சிக்காரனட்டை ஏமாந்ததாம். ஊர் எதெண்டு கேட்டன், கதையை மாத்திப்போட்டார்" என்றார்.

அவர் வாய் திறக்க முன்னம், வேறொருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், உங்கள் சாமான் பெட்டியைக் கிணற்றில் போட எழும்பிவிட்டேன். தனிய என்று சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. வெட்கத்துக்காகவா இப்படி ஒளித்தீர்கள்? ஏமாந்தேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் என்ன, உங்களைத் தின்றுவிடுவேனா? என்னை எண்ண வேண்டாம் என்று எழுத எப்படி மனம் வந்தது?

இனிக் கேளுங்கள். உங்களுக்குச் சொல்லாமல் ஆவணியிலேயே பாஸ் கந்தோருக்குப் போனேன். பிரான்ஸ் என்று போட்ட உங்கள் கடிதங்களைக் காட்டினேன். புருஷன் கூப்பிடுகிறார் என்று நம்பிப் போன கிழமை பாஸ் தந்துவிட்டார்கள். அப்பு பிணை நிற்கிறார். உங்கள் பொய் அதற்காவது உதவியது. அப்புவுக்கும் ஊருக்கும் நீங்கள் பிரான்சிலேயே இருங்கள், நான் வாய் திறக்கவில்லை. எனக்கு நீங்கள் நீர்கொழும்பில்.

இதைக் கனகலிங்கத்தார் உங்கள் கையிலேயே தருவார். மார்கழி 14, திங்கட்கிழமை நானும் றோஸும் வெளிக்கிடுகிறோம். வரவேண்டாம் என்று எழுதினால், வாசிக்க நான் இங்கே இருக்க மாட்டேன். வவுனியாவிலிருந்து வருகிற பஸ் நீர்கொழும்பில் எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சிங்களமும் தெரியாது. நீங்கள்தான் வந்து நிற்க வேண்டும்.

அற்புதராணி