சரளை ரோட்டில் செல்லத்தை அழைக்கப் போனது

சித்திரை 5, ஞாயிறு

காலையிலேயே அனல். காற்றே இல்லை. கிணற்றில் நீர் இன்னும் இறங்கிவிட்டது.

மண்ணெண்ணெய் அரைப் புட்டி. உப்பு. கருப்பட்டி கிடைக்கவில்லை.

முந்திரிக்கொட்டை விற்கிறவள் வாசலில் நின்றே சொன்னாள். "ஒங்க சம்பந்தி வூட்டுல பெரியவருக்கு அம்மை போட்டிருக்காம். செவ்வாக்கெழம ஊருக்கே காப்புக் கட்டுறாங்களாம்."

காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர்க்காரர் எல்லை தாண்டக்கூடாது. அங்கே வாக்கப்பட்ட என் மகள் செல்லத்துக்கு ஐந்தாம் மாதம்.

அவரிடம் சொன்னேன். "அதுக்கு முந்தி பொண்ணக் கூட்டியாந்துடணும்" என்றார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிக்கொண்டிருந்த ஆண்டிமடம் பஸ்ஸும் நின்றுபோயிற்று. வண்டிக்காரன் அந்தப் பக்கம் மாட்டை ஓட்ட மாட்டேன் என்கிறான். சைக்கிள்தான்.

மாரியம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டேன். தாயே, என் பெண்ணை விட்டுவிடு.

சித்திரை 6, திங்கள்

விடியுமுன் புறப்பாடு. எடுத்துக்கொண்டது: கட்டுச்சோறு, செம்பில் தண்ணீர், வேப்பிலை, விபூதி, காற்றடிக்கும் பம்ப்.

கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஒரே வெட்கம். எதிர்வீட்டுக்காரி, "ஏங்க்கா, ரெண்டாங் கல்யாணமா?" என்று சிரித்தாள். "மொதக் கல்யாணத்துல சைக்கிள் தரலம்மா" என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுத்த கம்பங்கொல்லைகள் வரை நல்ல தரை. அப்புறம் சரளை. சக்கரம் வழுக்குகிறது. இடுப்பு கழன்றுவிடும் போல. மேடு வந்த இடமெல்லாம் இறங்கி நடந்தேன். கல் தெறிக்கும்போதெல்லாம், "டயரு போனா யுத்தம் முடியற வரைக்கும் நடதான்" என்று முணுமுணுத்தார்.

முந்திரிக்காடு. பழம் உதிர்கிற காலம், பொறுக்க ஓர் ஆள் இல்லை. கொட்டையோடு அழுகிக் கிடக்கிறது. புளித்த நாற்றம், ஈ. காவல் குடிசை திறந்தபடி. அடுப்பில் பானை வைத்தது வைத்தபடி.

ஆடு மேய்க்கிறவர் ஒருவர் எங்களைக் கண்டதும் ரோட்டை விட்டு விலகிப் போய் நின்றார். "அந்த ஊருக்கா? நேத்தே காப்புக் கட்டிட்டாங்கய்யா. தண்ணிகூட வாங்கிக் குடிக்காதீங்க."

நேற்றே.

எல்லையில் இரண்டு பனைகளுக்கு நடுவே வேப்பிலைத் தோரணம். தாண்டவில்லை. அவர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே நின்றார். சம்பந்தியம்மா வந்தார். பின்னால் செல்லம், இளைத்துப்போய். இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு.

"பொண்ண அனுப்புங்க சம்பந்தி" என்றார் அவர்.

"கயிறு கட்டுன கையோட எப்பிடிங்க அனுப்புறது? ஆத்தா வூட்டுக்குள்ள இருக்கா. கோவிச்சுக்கிட்டா வயித்துல இருக்கறதுக்கு யாரு பதில் சொல்றது?"

"இங்கயே இருந்து ஒண்ணு ஆயிட்டா நீங்க சொல்லுவீங்களா?"

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. வெள்ளி, செவ்வா வெரதம் இருக்கறவங்க."

வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

எல்லைக்கு வெளியே களத்தில் தங்கல். ஊருக்குள் உடுக்கை, நிற்கவே இல்லை.

சித்திரை 7, செவ்வாய்

விடிகிற நேரம் சம்பந்தியம்மாவே செல்லத்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். மாப்பிள்ளைக்கும் முத்து கண்டுவிட்டதாம்.

"கூட்டிக்கிட்டுப் போயிடுங்க. ஆனா கயித்த நான் அவுக்க மாட்டேன். எம் புருஷன், எம் மவன் ரெண்டு பேரும் பாயில கெடக்காங்க. நீங்களே அவுத்துக்குங்க."

நான்தான் அவிழ்த்தேன். முடிச்சு விடவில்லை. பல்லால் கடித்து அறுத்தேன். எது வந்தாலும் எனக்கு வரட்டும் தாயே. அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லம் கேரியரில். குலுங்கக்கூடாது என்று அவர் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். நான் பின்னால், அவள் முதுகைப் பிடித்தபடி. மாப்பிள்ளையை நினைத்துக் கொஞ்ச தூரம் அழுதாள்.

முந்திரிக்காட்டு நடுவில் நிற்கிறோம். செம்பு காலி. அவர் கிணறு பார்க்கப் போயிருக்கிறார். கணக்கெழுதும் பென்சிலால் இதை எழுதுகிறேன். உச்சி வெயில். சைக்கிள் கம்பியைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. செல்லம் என் முந்தானையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அம்மா, குளிருதும்மா" என்கிறாள்.