பாரைமீன் இரண்டு துண்டு

2005 மே 3

காலையில் முகாமில் எங்கள் கூடாரத்துக்குச் சாப்பாட்டுக் கணக்கெடுக்க ஸஹீதா என்றொரு பிள்ளை வந்தாள். காத்தான்குடி ஆள். கோப்பையும் கரண்டியும் கொண்டுவந்து, நேற்று விடிந்ததிலிருந்து வாயில் போட்ட அத்தனையையும் அளந்து காட்டச் சொன்னாள். எனக்கா மறக்கும்? ஆனால் பக்கத்துக் கூடாரத்துக் கண்ணகை காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சூறாவளி வந்த வருசம், என் மூத்த மகளின் கலியாணச் சோற்றைத் தின்றுகொண்டே, "மீன் எங்ககா, இன்னும் கடலிலயா?" என்று சபையில் கேட்டவள். அவள் கேட்கச் சோறும் பருப்புத் தண்ணீரும் என்று சொல்வதா?

"பாரைமீன் குழம்பு. எனக்கு ரெண்டு துண்டு, பேத்திக்கு ரெண்டு" என்றேன்.

சுனாமியில் கடல் என் இளைய மகளைக் கொண்டுபோன நாளிலிருந்து எங்கள் சட்டியில் மீன் விழுந்ததில்லை.

மே 4

குழாயடியில் ஸஹீதாவைப் பிடித்தேன். கண்ணகையை ஏன் கேட்கவில்லை?

"முப்பது வீட்டுக்கு ஒரு வீடம்மா. சீட்டுக் குலுக்கி எடுத்தது. நீங்க சொன்னதுதான் முப்பது வீட்டுக்கும்."

"இத வெச்சி என்ன செய்யிற?"

"சின்னப் புள்ளையளுக்குப் பயறும் முட்டையும் குடுக்கிறதா, வேணாமா எண்டு முடிவெடுப்பாங்க."

என்ன அதிசயம்! என் ஒரு சட்டிக்குள் முப்பது வீட்டு அடுப்பா? மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் பேச்சை வீட்டிலேயே ஆரும் கேட்டதில்லை. அதிலே போய்ப் பொய் மீனை விட்டேனே—

மே 5

முப்பது வீடு. ஐயோ.

மே 6

இன்று கணக்கெடுப்பின் கடைசி நாள். ஸஹீதா கணக்கெழுதும் கொட்டிலுக்குப் போனால் கண்ணகை! மெலிவு பார்க்க அவள் பேரனின் கையை நாடாவால் அளந்துகொண்டிருந்தார்கள். அகப்பைக் காம்பின் தடிப்புக்கூட இல்லை அந்தக் கை. திரும்பிப் போவதா?

"புள்ள, மீன் இல்ல. நான் சொன்னது பொய்."

ஸஹீதா பேனையை வைத்தாள். "ஒம்பது வீடு கேட்டனம்மா. ஒம்பதும் மீன் எண்டாங்க. ஒரு வீட்டுக் குப்பையிலயும் முள்ளக் காணல்ல. ஆராவது வந்து சொல்லுவாங்களா எண்டுதான் பாத்திட்டிருந்தன்."

கண்ணகை சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"இப்பயாச்சும் சரியாச் சொல்லுகா. என்ட வீட்டுக்கும் நீதானே சொல்ற."

சொன்னேன். ரொட்டி பாதி. சோறு ஒன்றரைக் கோப்பை. பருப்பு நாலு கரண்டி. பேத்திக்கு அதிலும் பாதி.

ஸஹீதா மற்ற எட்டு வீட்டுக்கும் திரும்ப நடந்தாள்.

ஜூலை 18

இன்று பயறும் முட்டையும் கொடுக்கத் தொடங்கினார்கள். பேத்தி முட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றாள். அவளுக்குப் பின்னால் பிள்ளைகள், பிள்ளைகள்— எண்ணி முடியவில்லை. கண்ணகை வரிசையை இடித்துப் பேரனை முன்னுக்கு விட்டாள். ஏச்சு வாய்வரை வந்தது. நகர்ந்து வழி விட்டேன். என் முப்பதில் அவளும் ஒருத்திதானே.