ஏப்ரல் மாதப் படம்

விவேக் நகர், பெங்களூரு
4 மார்ச் 2025

அன்புள்ள நிருபமாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம். ஹைதராபாத்தில் நீயும் நலமாக இருப்பாய். உன் ஆய்வறிக்கையைப் படித்தேன். கோபத்தில் எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதனால் எண் போட்டுக்கொள்கிறேன்.

1. படம் எடுத்த மாதம்.
2. காடு என்று நீ காட்டியிருக்கும் இடம்.
3. நேரில் போய்ப் பார்க்காதது.
4. பதினெட்டாம் தேதிக்குள் நீ செய்ய வேண்டியது.

முதலாவது. ஆனேக்கல் பக்கத்து ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் இருபது வருடத்தில் நிலம் எப்படி மாறியது என்று காட்ட, இரண்டு செயற்கைக்கோள் படங்களை எடுத்திருக்கிறாய். பழையது டிசம்பர், மழை ஓய்ந்து ஏரி நிறைந்திருக்கும் மாதம். புதியது போன ஏப்ரல், ஊரே குடத்தோடு தண்ணீர் லாரிக்காக நின்ற மாதம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஏரி போய்விட்டது, தரிசு கூடிவிட்டது என்று எழுத எப்படி மனம் வந்தது? முப்பத்தோரு வருடம் மாநில அரசில் மண் வரைபடம் போட்டவன் நான். பல தப்புகள் செய்திருக்கிறேன். இது கைத்தவறாக நடந்த தப்பு போல எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது. மேட்டில் காடு இருநூறு ஏக்கர் கூடியதாம். அது தைலமரத் தோப்பு. வரிசையாக நட்டு வரிசையாக வெட்டுகிறார்கள். அதைக் காடு என்றும் ஏரியைத் தரிசு என்றும் காட்டினால், மனை போட ஏரிதான் மிஞ்சும். மிஞ்சிவிட்டது. உன் அறிக்கையை வைத்துப் போட்ட நகர வரைவுத் திட்டத்தில் ஏரி முழுக்கக் குடியிருப்பு நிறம்.

திட்ட அலுவலகத்துக்குப் போனேன். படத்துல தண்ணியே இல்லையே சார், நீங்க பார்த்தது கானல் நீரா இருக்கும் என்றார் குமாஸ்தா. பக்கத்து மேஜைக்காரரும் சிரித்தார். அறிக்கையில கையெழுத்துப் போட்ட மேடம் உங்களுக்குத் தெரிஞ்சவங்களா என்று குமாஸ்தா கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், கரையில் வந்து நின்றிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டாய். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து ஒரு ஏரியை அழித்திருக்கிறாய்.

நான்காவது. ஊரார் அறுபது பேர் ஆட்சேபம் கொடுத்தும் பயனில்லை. அறிக்கை எழுதியவரே திருத்திக் கொடுத்தால்தான் ஏற்பார்களாம். பதினெட்டாம் தேதி கடைசி.

மேலே உள்ளது நேற்று எழுதியது. தபாலில் போடுமுன் என் மேலேயே சந்தேகம் வந்து, தோப்பை மறுபடி பார்க்க இன்று ஆனேக்கல் போனேன். ஏரிக்கரையில் டீக்கடை வைத்திருக்கும் ஷோபா, போன நவம்பரில் ஒரு மேடம் வந்தாங்களே, நீங்களும் அவங்க ஆபீஸா என்று கேட்டாள். டப்பாவிலிருந்து விசிட்டிங் கார்டை எடுத்துக் காட்டினாள். உன் கார்டு. அப்போது கரை தொட்டுத் தண்ணீர் நின்றதாம். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, கழியால் ஆழம் பார்த்து நோட்டில் எழுதினாயாம். பெங்களூர்ல தங்குறீங்களா மேடம் என்று கேட்டதற்கு, இல்லை, நேரே ஏர்போர்ட் என்றாயாம்.

இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்த நோட்டு உன்னிடம் இருக்கும். திருத்தத்தை எழுதி அனுப்பம்மா. அதனால் வேலை போனால் போகட்டும், இங்கே உன் அறை சும்மாதான் கிடக்கிறது. தெய்வம் உனக்குத் தைரியம் கொடுக்கட்டும்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. நீ பார்த்திருக்கிறாய்.

இப்படிக்கு,
அப்பா
வைத்தீஸ்வரன்