பதினொரு மணிக்கு ஒருவர்

திண்டிவனம்,
8.2.2025

புனிதாவுக்கு, மயிலம் ரோடு எஸ்.ஆர். அக்ரோ மெஷினரி உரிமையாளர் சுப்பராயலு எழுதுவது.

மகளே என்று ஆரம்பிக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பாய். உன்னோடு இந்த ஜென்மத்தில் பேசுவதில்லை என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன் அண்ணன் ஜெகதீசன் தலையில் கை வைத்துச் சொன்னவன் நான். பேச்சு என்றால் வாய்ப்பேச்சு. எழுதக்கூடாது என்று அன்றைக்குச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். விழுப்புரத்து விலாசம் எப்படிக் கிடைத்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதே. கூரியர் கொண்டுபோகிறவனைக் கேட்டால் எந்த வீட்டு மாடி, வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்பது வரை சொல்லிவிடுகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கடை வெப்சைட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எந்தப் பக்கத்தில் எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள் என்று எண்ணிக் காட்டும் அந்த அனலிட்டிக்ஸை வைத்தது நீ. வெப்சைட் போட வந்த அலெக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர, நீ உன் மெயிலில் கணக்கைத் திறந்தாய். பெண் தொழில் கற்கிறாள் என்று இரண்டு பேருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஓமந்தூர் நிலத்தில் நம் மல்லாட்டைக் கொல்லைக்குக் களை எடுக்க வந்த பூமாலையின் மகன் அவன் என்று தெரிந்தும், படித்தவன், மரியாதையானவன் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவன் வெப்சைட்டையும் போட்டான், என் வீட்டுக்குத் தீயையும் வைத்தான்.

இப்போது கம்ப்யூட்டர் வேலைக்குத் தென்னரசு என்று ஒருவரை வைத்திருக்கிறேன். போன ஐப்பசியில் களை எடுக்கும் பவர் வீடருக்கு விளம்பரம் கொடுக்கலாம் என்று அவர் கணக்கைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு, அய்யா, நாம இத்த பாக்கத்தான் முடியும், ஓனரு வேற யாரோ இருக்காங்க, அவங்க நெனச்சா நம்மள வெளிய தள்ளிடலாம் என்றார். உன் மெயில் விலாசத்தைத் திரையில் காட்டினார். நீ வீட்டை விட்டுப் போனாய், கடையை விட்டுப் போகவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் காட்டினார். தினமும் காலை பதினொரு மணிக்கு ஒருவர் 'தொடர்புக்கு' என்ற பக்கத்துக்கு வந்து இருபது நிமிஷம் நிற்கிறார். ஊர் பெயர் பெரும்பாலும் திண்டிவனம் என்று வரும், சில நாள் சென்னை என்று வரும். அது டவரைப் பொறுத்ததாம். அந்த ஆள் போன் செய்வதில்லை, விலை கேட்பதில்லை, சும்மா நிற்கிறார். எனக்கு அது நல்ல கிராக்கி என்று பட்டது. மிஷின் வாங்க மனசு இருக்கிறது, தயங்குகிறார் என்று நினைத்தேன். அந்தப் பக்கத்தில் மட்டும், தயங்காதீர்கள், இப்போதே அழையுங்கள், பத்து சதவீதம் தள்ளுபடி என்று சிவப்பு எழுத்தில் போடச் சொன்னேன். ஜெகதீசனைத் தினமும் பதினொரு மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார வைத்தேன். மூன்று மாதம் ஓடியது. ஆள் வருகிறார், போகிறார். ஒரு கிராக்கியைப் பேசி மடக்கத் தெரியாத தண்டச்சோறு என்று உன் அண்ணனை வேலையாட்கள் முன்னால் திட்டினேன்.

கிராக்கி என் வீட்டு அடுப்படியில்தான் உட்கார்ந்திருந்தது. உன் அம்மா முனியம்மாள்.

நான் தினமும் அவள் போனை வாங்கி யார் யாருக்குப் பேசினாள் என்று பார்ப்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தானே இந்த வழியைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாய்? போன் பண்ணா அப்பா பாக்கும், நம்ம கடை பக்கத்த தொறந்தா யாரு இன்னா கேக்கப் போறாங்க, நீ தொறந்தா எனக்குத் தெரியும்மா, நீ நல்லா இருக்கன்னு நெனச்சிக்குவேன் என்று சொன்னாயாம். அவளுக்கு ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அவள் போன் முகப்பில் நீ வைத்துவிட்டுப் போன படத்தை விரலால் தொட்டுத் திறந்து, இருபது நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ அங்கே கணக்கில் வரும் அந்த ஒன்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். என் வெப்சைட்டில், என் காசில், இரண்டு வருஷமாக. இதை எல்லாம் அவள் வாயாலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

நான் அவளை அடிக்கவில்லை. திறக்காதே என்றும் சொல்லவில்லை. நீயே பார்க்கிறாயே, இன்று காலையிலும் ஒன்று வந்திருக்கும்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். கணக்கின் உரிமையைத் தென்னரசு அனுப்பும் மெயிலுக்கு மாற்றிவிட்டு நீ வெளியேறிவிட வேண்டும். வியாபாரக் கணக்கு ஊரான் கையில் இருக்கக்கூடாது. அதைச் செய்துவிட்டாயானால், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா உனக்குப் போன் போட்டுப் பேசினால் நான் தடுக்க மாட்டேன். நான் சொன்ன சொல் மாறாதவன் என்பது மற்ற யாரையும் விட உனக்குத் தெரியும்.

மற்றபடி இங்கே மல்லாட்டை நன்றாகக் காய்த்திருக்கிறது. ஜெகதீசன் இளைத்துவிட்டான். தைக்குப் பிறகு மிஷின் வியாபாரம் சூடு பிடித்திருக்கிறது. உன் அம்மாவுக்கு முன்பு போல மூச்சுத் திணறல் இல்லை, கால் வீக்கம் என்று புலம்புவதும் இல்லை. என்னோடு சண்டைக்கும் வருவதில்லை.

இப்படிக்கு,
கு. சுப்பராயலு,
உரிமையாளர்.

திண்டிவனம்,
20.2.2025

புனிதாவுக்கு, சுப்பராயலு எழுதுவது.

கடிதம் கிடைத்த அன்றைக்கே உரிமையை மாற்றிக் கொடுத்துவிட்டாய். தென்னரசு ஆச்சரியப்பட்டார். இவ்ளோ ஜல்தியா யாரும் குடுக்க மாட்டாங்க அய்யா, ஒரு கேள்வி கூட கேக்கல என்றார். கூடவே நீ எழுதியிருந்த நாலு வரியையும் படித்துக் காட்டினார். அப்பா, குடுத்துட்டேன். இனிமே அம்மா வர்றது எனக்குத் தெரியாது. ஞாயித்துக்கிழமை பதினொரு மணிக்கே பண்ணச் சொல்லுங்க, நான் போனை கையிலயே வச்சிக்கினு இருப்பேன். மாத்திரை ஒழுங்கா போடுதா அம்மா? இவ்வளவுதான். அவரை வெளியே போகச் சொல்லிவிட்டு நானும் ஒரு தடவை படித்தேன்.

இப்போது சொல்கிறேன், உட்கார்ந்து படி. உன் அம்மா இந்த மாதம் மூன்றாம் தேதி திங்கட்கிழமை பகல் ஒன்றரை மணிக்குப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டது என்றார்கள். முந்தா நாள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. நான் உனக்கு முதல் கடிதம் எழுதியபோது அவளை எரித்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தில் பொய் ஒன்றும் எழுதவில்லை, எடுத்துப் பார். மூச்சுத் திணறல் இல்லை என்று எழுதினேன். பேசினால் தடுக்க மாட்டேன் என்று எழுதினேன்.

மூன்றாம் தேதியிலிருந்து முந்தா நாள் வரை அவள் போனைப் பதினொரு மணிக்குத் திறந்தது நான். ஒரு நாள் தவறவில்லை. பன்னிரண்டாம் தேதி வரைக்கும் நீ பார்த்து, அம்மா நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாயே, அது என் விரல். நான்காம் தேதி அவளை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தோம், பெண்கள் சுற்றி அழுதுகொண்டிருந்தார்கள். மணியைப் பார்த்தேன். பின்கட்டுக்குப் போய்ப் படத்தைத் தொட்டுத் திறந்து வைத்துவிட்டு வந்துதான் பாடைக்கு மூங்கில் எண்ணிக் கொடுத்தேன். ஒன்று வராவிட்டால் நீ பதறிப்போய் பஸ் ஏறிவிடுவாய். நீ வந்து அவள் மேல் விழுந்து அழுதால் ஊரே உன் பக்கம் சாய்ந்துவிடும். அந்த இடத்தை உனக்கு நான் கொடுப்பதாக இல்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தோம். கூட்டேரிப்பட்டுக்குத் தெற்கே ஒன்று கூட ஒட்டக்கூடாது என்று ஒட்டுகிறவனிடம் சொல்லிவிட்டேன். சொந்தக்காரர்களுக்கும் சொன்னேன். எவனாவது உனக்குத் தகவல் சொன்னால் பிணத்தை எடுக்க மாட்டேன், அப்படியே கிடக்கட்டும் என்றேன். எல்லோருக்கும் என்னைத் தெரியும். உன் அண்ணன் இரண்டு தடவை போனை எடுத்தான். சொன்னால் கடையில் அவனுக்குப் பங்கு இல்லை என்றேன், வைத்துவிட்டான். மகள் போட வேண்டிய வாய்க்கரிசியை உன் அத்தை போட்டாள். போடும்போது உன் பெயரைச் சொல்லித்தான் போட்டாள். கிழவியை அந்த இடத்திலேயே அதட்டினேன்.

அவள் என்னிடம் எப்படிச் சொன்னாள் என்று நீ கேட்பாய். மூன்றாம் தேதி காலையில் கையைத் தூக்க முடியவில்லை அவளால். மணி பதினொண்ணு ஆயிடுச்சிங்க, அந்த போனை எடுத்து அத்த கொஞ்சம் தொறந்து வைங்க, கொயந்த பாத்துக்கினு இருப்பா என்றாள். எந்தக் குழந்தை என்றேன். மறைக்க அவளுக்கு நேரமில்லை, எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்பு எழுத்தில் தள்ளுபடி போட்டதை ஜெகதீசன் படித்துக் காட்டினானாம், அன்றைக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறியதாம். அதைச் சொல்லி அப்போதும் சிரிக்கப் பார்த்தாள். அதனால் உன் அண்ணனுக்கும் எல்லாம் தெரியும் என்று ஆகிறது. வேலையாட்கள் முன்னால் நான் திட்டத் திட்ட வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறான். அவனை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரே ஒரு தடவ கூப்புடுங்க, பாத்துட்டு போறேன், உங்கள வேற ஒண்ணும் கேக்கல என்று என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். விழுப்புரத்துக்கும் பாண்டிச்சேரிக்கும் ஒரு மணி நேரம். நான் வெளியே போய் வராந்தாவில் நின்றுவிட்டு வந்து, சொல்லிட்டேன், பஸ் ஏறிட்டா என்றேன். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். வளவனூர் தாண்டிட்டா என்றேன். அப்புறம் அவள் கேட்கவில்லை. கதவு சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணை மட்டும் திருப்பினாள். கண் கதவுப் பக்கம் இருக்கும்போதே உயிர் போய்விட்டது. மூடியது நான்தான்.

எனக்கு இந்த எண்கள் ஒன்றும் வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் புதிதாக ஒன்று வைத்துவிடலாம் என்று தென்னரசு அப்போதே சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க நீ வைத்துக்கொண்ட ஜன்னலை உன் கையாலேயே நீ மூட வேண்டும் என்று இருந்தது. மூடினாய். பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் கடையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் தனியாக உட்கார்ந்தேன். பதினொரு மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று என் கையிலிருந்த அவள் போன். இன்னொன்று விழுப்புரம். அவள் வருவதைப் பார்க்க உனக்கு வழியில்லாமல் போனதும், நீயே அந்தப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டாய். போன் வரும் வரும் என்று ஒன்றே முக்கால் வரை இருந்தாய். இத்தனை வருஷத்தில் எந்தக் கிராக்கியும் அவ்வளவு நேரம் நின்றதில்லை. நான் எழுந்திருக்காமல் பார்த்தேன். மனசு ஆறியது என்று நினைத்துக்கொண்டுதான் கடையைப் பூட்டினேன்.

அதற்குப் பிறகும் நீ தினமும் வருகிறாய்.

பதினாறாம் நாளோடு அவள் போனை அணைத்து வைத்துவிடுவது என்றுதான் இருந்தேன். ஒளிக்க இனி ஒன்றுமில்லை, இந்தக் கடிதத்தையும் எழுத வேண்டியதுதான் பாக்கி. நேற்று பதினொரு மணிக்குக் கை தானாக அதை எடுத்தது. திரையில் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் படத்தைத் தொட்டேன். திண்டிவனம், ஒன்று என்று வந்தது. திறந்தவன் நான்தான் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த ஒன்றைப் பார்த்ததும், ஏ முனியம்மா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டேன். மிஷின் பார்க்க வந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இன்னா அய்யா என்று தென்னரசு ஓடி வந்தார். போய் வேலையைப் பார் என்று விரட்டினேன். அதற்குள் கீழே விழுப்புரம், ஒன்று என்று வந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருபது நிமிஷம் இருந்தன. இன்றைக்கும் இருந்தன.

இதைப் படித்ததும் நீ மண்ணை வாரித் தூற்றுவாய். தூற்று. உன் புருஷன் கிளம்பி வருவான், வரட்டும், வாசலிலேயே நிறுத்தத் தெரியும் எனக்கு. நீயும் வராதே. வந்தால் கதவு திறக்காது, அதில் மாற்றமில்லை. சாம்பலைக் கடலில் விட்டாகிவிட்டது, வந்தாலும் பார்க்க இங்கே ஒன்றும் வைக்கவில்லை.

ஆனால் பதினொரு மணிக்கு அந்தப் பக்கத்தைத் திறக்காமல் இருந்துவிடாதே, புனிதா. திறந்து வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார், எழுத வேண்டாம், பேச வேண்டாம். எனக்காகக் கேட்கவில்லை. நீ வராவிட்டால் அவள் அங்கே தனியாக இருப்பாள்.

இப்படிக்கு,
சுப்பராயலு.