பென்சில் வட்டத்துக்குள் இருந்தது

மார்ச் 4

அண்ணனின் கடிதம் வந்தது. போர்முனையில் கைபேசி கூடாது, அதனால் கடிதம்தான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. சலவைக்கூடத்து வேலை முடிந்து வந்ததும், ஈரக் கையைக்கூடத் துடைக்காமல் எதிரே உட்கார்ந்துவிடுவாள். நான் வாசிக்க வேண்டும். அண்ணன் பென்சிலால் வட்டம் போட்ட வரிகள் எனக்கு மட்டும். அவன் பட்டாளத்துக்குப் போன நாளிலிருந்து எங்களுக்குள் இந்த ஏற்பாடு. இதுவரை வட்டத்துக்குள் இருந்ததெல்லாம் சிகரெட், சீட்டாட்டம், அதிகாரியின் தொப்பை.

இன்று இருந்தது: "பக்கத்துக் கட்டில்காரன் தன் உயிரைத் தானே முடிச்சுக்கிட்டான். வீட்டுக்கு விபத்துன்னு சொல்லிட்டாங்க. எனக்கும் தூக்கமே இல்ல. அவன் செஞ்சது தப்புன்னு தோணல. அம்மாகிட்ட சொல்லிடாத."

அடுத்த வரிக்குத் தாவினேன். குரல் ஏன் கம்முது என்று அம்மா கேட்டாள். சளி என்றேன்.

மார்ச் 5

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். சொன்னால் இனி எனக்கு எதையும் எழுத மாட்டான். அம்மாவுக்கு வேறு ரத்த அழுத்தம். சொல்லாவிட்டால்?

மார்ச் 9

அம்மா சொல்லச் சொல்லப் பதில் எழுதினேன். கடைசியில் நானாக ஒரு வரி: "தைரியமா இரு." அவ்வளவுதான் வந்தது. தபால் பெட்டியில் போட்ட பிறகு, கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

மார்ச் 27

புதுக் கடிதம். வட்டமே இல்லை. மழை, சாப்பாடு, எல்லாம் நலம்.

"பாத்தியா, தேறிட்டான் உங்கண்ணன்" என்று அம்மா சிரித்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன் — நினைத்தேனா, நினைக்க ஆசைப்பட்டேனா?

ஏப்ரல் 2

இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 11

எங்கள் வீட்டில் போன் இல்லாததால், முகாமிலிருந்து தெருமுனை மளிகைக்கடைக்காரர் வீட்டுக்கு போன். அண்ணன் ராணுவ ஆஸ்பத்திரியில். உயிருக்கு ஆபத்தில்லையாம். விபத்தாம்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மா மடியில விழுந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "எந்த இடம்னு காட்டு" என்றாள். காட்டினேன். தெரியாத எழுத்துகளின் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள்.

ஏப்ரல் 19

ஒன்பது மணி நேர ரயில். அண்ணன் பாதியாக இளைத்திருந்தான். மனநல மருத்துவர் அம்மாவைத் தனியே பேச அழைத்தார். நாங்கள் இருவர் மட்டும்.

"அம்மாகிட்ட சொல்லிட்டேண்ணா. கோவிச்சுக்காத."

"எப்ப?"

"போன வாரம்."

கண்ணை மூடிக்கொண்டான்.

"பல்லு விளக்காம காபி குடிச்சாக்கூட ஓடிப்போய் என்னைப் போட்டுக்கொடுக்கிறவ நீ. இதை ஒரு நாள்கூட உன்னால அடக்க முடியாதுன்னு நம்பித்தான் எழுதினேன்."

அழுதேன். அவன் மெல்ல நகர்ந்து படுத்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டான்.