இரவல் கை

இன்று காலை ரத்த அழுத்தக் கருவியின் கைப்பட்டையைப் பிரித்தேன். 'சர்ர்ர்' என்ற அந்தச் சத்தத்தில், அண்ணே, அந்த லாலாகுடா வீட்டில், மாடியில் என் தலைக்கு மேலிருந்த உங்கள் கூடத்துக்கே போய்விட்டேன். பனியனோடு உட்கார்ந்து, வீட்டுக்குள் வந்துவிட்ட போலீஸ்காரரைப் பார்ப்பதுபோல இதே மாதிரி ஒரு கருவியை முறைத்துக்கொண்டிருந்தீர்கள்.

பெங்களூரிலிருந்து உங்கள் மகன் அனுப்பியது. அளந்த மறுநொடி எண் உங்கள் போனிலுள்ள செயலிக்குப் போகும். அங்கிருந்து அவனுக்கும் டாக்டருக்கும். செயலியில் இங்கிலீஷ் மட்டும்தான். 'சம்மதம்' என்ற பொத்தானை அழுத்த மூன்று நாள் எடுத்துக்கொண்டீர்கள். "படிக்காம கையெழுத்து போட்டவன்லாம் ஒர்க்‌ஷாப்ல விரலை விட்டுட்டுதான் ரிட்டையர் ஆனான்" என்றீர்கள். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தும் பத்து விரலோடு திரும்பியவர் சொன்னால் தட்ட முடியுமா? நிபந்தனைகளை நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன். பாதி எனக்கே புரியவில்லை. புரியாத இடங்களில் சொந்தச் சரக்கைச் சேர்த்தேன்; எழுத்தாளன் வேறு எதற்கு?

உங்கள் பயம் ரத்த அழுத்தம் அல்ல. எண் ஏறினால் மகன் கூட்டிக்கொண்டு போய்விடுவானே என்பதுதான். "அங்க பதினாலாவது மாடிடா. மருமக ஊறுகாயும் நக்கோ, உப்புக்கண்டமும் நக்கோ, எதுவும் வேணாம்பா. நீ சின்னவன், உன் கையைக் குடு." நாற்பத்தெட்டு வயதில் என்னைச் சின்னவன் என்றதில் மயங்கி நீட்டிவிட்டேன்.

திரையில் நூற்றெண்பது.

"மிஷினே மோசடிடா!" என்று மறுபடி அளந்தீர்கள். நூற்றெண்பத்திரண்டு. நாம் சிரித்து முடிக்கவில்லை, மகன் கூப்பிட்டுவிட்டான். "அப்பா, டாக்டர் பதறுறார். மாத்திரையை ரெண்டாக்கணுமாம். சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

"மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடுங்கண்ணே" என்று கிசுகிசுத்தேன்.

"இருடா" என்று மகனைப் போனில் நிறுத்திவைத்து, பட்டையை உங்கள் கையில் சுற்றினீர்கள். நூற்று முப்பத்தெட்டு. கருவியில் கோளாறில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, போனில் மகனிடம் சொன்னீர்கள்:

"அது என் கை இல்லடா. கீழ்வீட்டுத் தம்பி கை. என்னை அப்புறம் திட்டு. இவனுக்கு என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட மொதல்ல கேளு."

அன்று மாலையே ஆட்டோவில் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனீர்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம் என்றார் அங்கிருந்த டாக்டர். சனிக்கிழமை உங்கள் மகன் வந்தான். இனி உங்கள் கையையும் நம்ப முடியாது, வாயையும் நம்ப முடியாது என்று பெட்டியைக் கட்டினான். பதினாலாவது மாடியிலிருந்து தினமும் கூப்பிடுவீர்கள்: "அளந்தியா? யார் கை?" இரண்டு வருடம். போன மாதம் நீங்கள் கண்ணை மூடியதோடு அதுவும் நின்றது.

இப்போது என் எண்களை என் மகள் தன் போனில் பார்க்கிறாள். அவளைத் தவிர வேறு எவனெல்லாம் பார்க்கிறானோ, எந்த இன்சூரன்ஸ்காரன் மோப்பம் பிடிக்கிறானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். என் மாத்திரை வாசனை எட்டினதுபோல போனில் நாளுக்கு நாலு மருந்து விளம்பரம் வருகிறது. உங்களைக் கூட்டிக்கொண்டு போனதில் உங்கள் மகன் அவசரப்பட்டானோ என்றும் சந்தேகம். ஆனால் அன்று நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால், அண்ணே, கடைசிவரை லாலாகுடாவிலேயே இருந்திருப்பீர்கள். நான்தான் இருந்திருக்க மாட்டேன்.